நான்கு குருவித் தோரணம்

தென்னை மாதத்துக்கு ஓர் ஓலை விடும் மரம். நல்ல பசளையும் தண்ணீரும் கண்டால் வருடத்துக்கு 12 முதல் 14 ஓலை. அவற்றில் இன்னும் விரியாமல் நடுவுச்சியில் நெட்டுக்குத்தாக நிற்பதுதான் குருத்து. வெயில் உள்ளே போகாததால் அது பச்சை பிடிப்பதில்லை. வெண்ணெய் நிறம், அடிப்பக்கம் இன்னும் வெளிறல். அதை வெட்டி இறக்கி, நிலத்தில் கிடத்தி விரித்தால் மட்டையின் இரண்டு பக்கமும் சேர்த்து 200க்கு மேற்பட்ட ஒற்றை ஓலைகள், எல்லாம் அப்போதுதான் முதன்முதலாக வெளிச்சம் பார்ப்பவை. வண்டு துளைத்த குருத்தென்றால் விரிக்கும்போதே தெரிந்துவிடும். ஓலைகளின் ஓரத்தில் முக்கோண வெட்டுகள் வரிசையாக இருக்கும். அது தோரணத்துக்கு ஆகாது. மாட்டுக்குப் போய்விடும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாணம் என்றாலும், சித்திரை வருடப்பிறப்பன்று மருதடிப் பிள்ளையாருக்குத் தேர் என்றாலும், ஒரு சாவு என்றாலும், முதல் வேலை இந்தக் குருத்தை இறக்குவதுதான். வயதின் பெரும்பகுதியை லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் கழித்துவிட்டேன். ஊரில் விட்டுவந்ததில் எதை நினைத்து ஏங்குகிறாய் என்று யாராவது கேட்டால் வீட்டையோ வளவையோ கிணற்றையோ சொல்லமாட்டேன். தோரணம் கட்டிய இரவுகளைச் சொல்வேன்.

வெளியூர் ஆட்களுக்குத் தோரணம் என்றால் வாசலில் தொங்கும் அலங்காரம். எங்களுக்கு அது ஒரு செய்தி. மங்கலத் தோரணத்தில் ஒவ்வொரு தொங்கலிலும் நான்கு குருவிகள் இருக்கும். குருவிகளின் தலை மேலே பார்க்கும். சாவு வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவிதான். தலை கீழே பார்க்கும். சைக்கிளில் வேகமாகப் போகிறவர்கூட ஒழுங்கை முகப்பில் கட்டிய கயிற்றை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தால் போதும். உள்ளே நடப்பது கொண்டாட்டமா துக்கமா என்று தெரிந்துவிடும். துக்கமென்றால் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்.

குருவி என்பது ஓலையில் விழும் ஒரு மடிப்பு. ஓலையை மடித்து, கத்தி நுனியால் கீறி, கீறலுக்குள் நுனியை நுழைத்து இழுத்தால் அலகும் முதுகும் வாலும் தானாக எழும்பி வரும். சொல்ல இவ்வளவுதான். கையில் வர எனக்கு இரண்டு மூன்று கலியாணங்கள் பிடித்தன. கூட இழுத்தால் ஓலை கிழியும், குறைய இழுத்தால் குருவி சரிந்து தொங்கும். எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் பெரியப்பாவாக இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். கையைப் பிடித்துச் சொல்லித்தர மாட்டார். "தம்பி, இழுக்காதை. அது தானா வரும்" என்பார். தானாக வந்த நாளை என் விரல்கள் இன்னும் மறக்கவில்லை.

தோரணத்துக்கு யாரையும் வெற்றிலை வைத்து அழைப்பதில்லை. சாப்பாட்டுக்கு அழைப்பு உண்டு, தாலிகட்டுக்கு அழைப்பு உண்டு, தோரணத்துக்கு மட்டும் கிடையாது. முதல்நாள் பின்னேரம் கலியாண வீட்டு வளவில் குருத்து விழுகிற சத்தம் கேட்கும். அதுதான் கணக்கு. இருட்டுவதற்குள் ஒவ்வொரு படலையாகத் திறக்கும். வருகிறவர்கள் சொந்தக் கத்தியோடு வருவார்கள். ஈர்க்கை உரிப்பது சின்னப் பெடியளுடைய வேலை. உரித்ததை அளவு பார்த்து அடுக்குவது அதற்கு அடுத்த வயது. மடிப்பது இளந்தாரிகள். வாலைச் சரியாக நறுக்கிக் கயிற்றில் கோப்பது கல்யாணம் கட்டிப் பிள்ளை குட்டி கண்டவர்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே தும்புக்கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். அதில் ஒவ்வொன்றாக ஏறும். உள்ளே பெண்கள் மாவிலை கோத்து, வாழைக்குலை பார்த்து, பலகாரச் சட்டியையும் கவனிப்பார்கள். இடையில் பனங்கட்டியோடு தேத்தண்ணி வரும். நான்கு மணித்தியாலம் பேச்சில் போய்விடும். ஒழுங்கையின் பழைய கதைகள், யார் யாருக்குக் காணி வழக்கு, எந்த மாட்டுக்குக் கன்று, எல்லாம் அங்கேதான் கேட்டேன். யாரோடு யார் கதைக்காமல் இருக்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியும், ஏனென்றால் கதைக்காதவர்களும் வந்து அதே கயிற்றில்தான் கட்டுவார்கள். ஒருவர் கட்டியதற்கு அடுத்ததை மற்றவர் கட்டுவார். பேச்சு மூன்றாவது ஆள் வழியாகப் போகும்.

விடியும்போது பார்த்தால் ஒழுங்கை முகப்பிலிருந்து பந்தல் வரை வெண்மஞ்சளாகத் தொங்கும். வீட்டுக்காரரே படலைக்கு வெளியே வந்து நின்று பார்ப்பார். எது யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு என்னுடையவை தெரியும். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மத்தியானம் ஆக ஆக ஓலை சுருளத் தொடங்கும். மூன்றாம் நாள் மண்ணிறம். பிறகு அடுப்புக்குப் போகும், அல்லது தென்னங்கன்றின் அடியில் கிடந்து பசளையாகும்.

ஏங்குகிறவன் எல்லாவற்றையும் நல்லதாகவே நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் குருத்தை ஏறி வெட்டி இறக்கியவர், சாதியால், பல வீடுகளில் பந்தலுக்குள் வந்து இருக்க முடியாதவராக இருந்தார். பந்தலுக்கு மேலே வெள்ளை கட்டியவருக்கும் பந்திப் பாயில் இடமில்லை. கோயில் வீதியில் தோரணம் தொங்கிய காலத்திலேயே கோயில் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடு என்று கேட்டு ஆட்கள் நின்றதும் அடிபட்டதும் எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலில் பேசப்பட்ட கதை. ஒரு கயிற்றில் எல்லாக் கையும் சேர்ந்தது என்று நான் எழுதினால், சேர்க்கப்படாத கைகளையும் எழுதத்தான் வேண்டும். குருத்துக்காக மரத்தில் ஏறியவரின் மகன் என்னோடு படித்தவன். அவனும் நானும் கோயில் தோரணத்துக்கு ஒன்றாக இருந்து ஓலை மடிக்கக் கிடைத்தது பிந்தித்தான். அப்போதும் முணுமுணுப்பு இருந்தது. அவன் கை என் கையைவிடச் சுத்தம்.

ஃபாரஸ்ட் கேட்டில் நான் இருக்கும் தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி வுட்கிரேஞ்ச் எஸ்டேட் இருக்கிறது. கார்பெட் குடும்பத்தார் 1877க்கும் 1892க்கும் இடையில் கட்டிய வீடுகள். பல வீடுகளின் முகப்பில் இரும்புத் தூண் வைத்து மேலே கண்ணாடி வேய்ந்த விறாந்தை இருக்கும். முதன்முதல் அதைப் பார்த்தபோது எனக்கு வந்த யோசனை, இதில் ஒரு தோரணம் கட்டினால் எவ்வளவு வடிவாக இருக்கும் என்பதுதான். தூணுக்குத் தூண் தூரமும் சரி, உயரமும் சரி. இன்றும் சனிக்கிழமை வுட்கிரேஞ்ச் ரோட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது அந்த விறாந்தைகளை அளந்துகொண்டுதான் நடக்கிறேன்.

கட்ட எதுவும் கிடைக்காது என்றில்லை. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் எங்கள் கடைகளில் வாழையிலை வருகிறது, வெற்றிலை வருகிறது, மாவிலை வருகிறது. மேனர் பார்க் சர்ச் ரோட்டு முருகன் கோயிலில் தேர் ஓடுகிறது. தேருக்குப் பின்னால் நடக்கும்போது கண்ணை மூடினால் கற்பூர மணத்தில் ஊர் வந்துவிடும். அதே கடைகளில் பிளாஸ்டிக் தோரணமும் இருக்கிறது. பச்சையும் மஞ்சளும், மாவிலை அச்சு, நடுவில் பிள்ளையார். கழுவி மடித்து அடுத்த வருடத்துக்கு வைக்கலாம். என் மகளின் கலியாணத்துக்கு நாங்களும் அதைத்தான் கட்டினோம். மண்டபம் வாடகைக்கு எடுத்தது. காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள், இரவு பதினொன்றுக்குள் வெளியேற வேண்டும். முதல்நாள் இரவு என்ற ஒன்றே எங்களுக்குத் தரப்படவில்லை. அலங்காரத்துக்கு ஆட்கள் வந்தார்கள், இரண்டு மணித்தியாலத்தில் முடித்தார்கள், நன்றாகச் செய்தார்கள். நானூறு பேர் வந்த கலியாணத்தில் ஒருவர் கையும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. அன்றைக்கு முழுக்க அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் வந்து, சாப்பிட்டு, படம் எடுத்து, வாழ்த்திப் போனார்கள். ஒருவருக்கும் நாங்கள் கடன்படவில்லை.

பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோரையும் தாத்தா பாட்டிமாரையும் அழைத்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து இயற்கைப் பொருட்களால் ஒரு பெரிய மரம் செய்வது என்று திட்டம். வில்லோ குச்சிகள் கட்டுக் கட்டாக வந்திருந்தன. இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் தாழ்நிலத்தில் விளைகிற குச்சி அது. காய்ந்த குச்சியை வளைத்தால் முறியும். ஓர் அடி நீளத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் இணங்கும். ஆறடிக் குச்சிக்கு ஆறு நாள் முன்னமே யாரோ ஊறப்போட்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் எனக்கு அந்த ஆளின் மேல் மரியாதை வந்தது. களிமண் இருந்தது. பிள்ளைகள் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் பொறுக்கிய ஓக் இலையும் கஷ்கொட்டையும் இருந்தன.

என் பக்கத்தில் சில்ஹெட் பெண் ஒருவர் இருந்தார். அவர் கையில் குச்சி பாய் முடைகிற கணக்கில் போனது. மறுபக்கம் ஒரு சோமாலிப் பாட்டி. அவர் குச்சியைத் தொடவேயில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நனைந்த குச்சியின் தோலை உரித்துப் பின்னத் தொடங்கினார். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் எல்லாம் அவரைச் சுற்றி. நான் நீளமான ஐரிஸ் இலை ஒன்றை எடுத்து மடித்தேன். கை தானாகப் போயிற்று. மடிப்பு, கீறல், இழுப்பு. குருவி வந்தது. பேரப்பிள்ளை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "தாத்தா, இன்னொண்டு" என்றது. பிறகு அதன் சிநேகிதர்களுக்கு. கொண்டுவந்த இலையெல்லாம் தீர்ந்துபோனது.

அந்தச் சனிக்கிழமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்களையும் என்னையும் ஒரே மேசையில் இருத்திய வேறு எதுவும் இந்த ஊரில் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே தெருவில் பால் வாங்குகிறோம், ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை. அன்று விரல்கள் பேசின. ஆனாலும் மரம் செய்து முடிந்ததும் எல்லோரும் படிவத்தில் கையெழுத்திட்டு, கை கழுவி, வீட்டுக்குப் போனோம். மரம் நன்றாக இருந்தது. யாருக்கும் அந்த மரம் தேவைப்படவில்லை. யாருடைய மகளும் மறுநாள் அதற்குக் கீழே நடந்து போகப்போவதில்லை, யாருடைய தகப்பனும் அதற்குக் கீழே சுமந்து போகப்படப்போவதில்லை. கூடுவதற்காகவே கூடினோம். ஊரில், கூடாவிட்டால் விடியுமுன் வேலை முடியாது என்பதால் கூடினோம். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் என் ஏக்கம் முழுக்க.

இந்த மண்ணுக்கும் அப்படியொரு காலம் இருந்ததென்று பிந்தித்தான் அறிந்தேன். வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் எப்பிங் காட்டின் தென்நுனி. அந்தக் காட்டின் கிழக்கோரத்தில் இருக்கும் லௌட்டன் ஊர்க்காரருக்கு, நவம்பர் 11ஆம் தேதி நள்ளிரவு தொடங்கி ஏப்ரல் 23 வரை மரக்கிளை வெட்டி விறகெடுக்கும் உரிமை இருந்தது. அந்த இரவில் ஊரே கோடாலியோடு காட்டுக்குள் போகும். 1860களில் நிலப்பிரபுக்கள் காட்டை வேலியடைத்தபோது தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி விடாமல் போய்க் கிளை வெட்டினார். அவர் குடும்பத்தவர்கள் அதற்காகச் சிறைக்குப் போனார்கள். 1871 ஜூலை 8ஆம் தேதி, நான் தினமும் நடக்கிற இதே வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அன்று வேலிகள் பிடுங்கப்பட்டன. 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடு எல்லோருக்கும் ஆனது, கிளை வெட்டும் உரிமை போனது. உரிமைக்கு ஈடாக வந்த பணத்தில் லௌட்டன்காரர் 1884இல் ஒரு மண்டபம் கட்டிக்கொண்டார்கள். லாப்பிங் ஹால் என்று அது இன்றும் நிற்கிறது. காட்டைக் காப்பாற்றியது நல்லதுதான்; இல்லையென்றால் இந்த இடமெல்லாம் வீடாகியிருக்கும், எனக்கு நடக்க இடம் இருந்திருக்காது. ஆனால் அந்த நள்ளிரவில் ஊர் சேர்ந்து காட்டுக்குள் போகும் காரணம் அத்தோடு போயிற்று. மண்டபம் கிடைத்த லௌட்டன் கிழவர்களில் யாராவது நவம்பர் 11 இரவில் நித்திரை வராமல் கிடந்திருப்பார். அவரை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அந்தக் காரணம் இன்னும் போகாத இடங்களும் இருக்கின்றன. டெர்பிஷயரில் டிஸ்ஸிங்டன் என்ற சின்ன ஊரில் வருடாவருடம், இயேசு விண்ணேறிய திருநாளையொட்டி, கிணறுகளுக்குப் பூ அலங்காரம் செய்வார்கள். மகளின் குடும்பத்தோடு ஒருமுறை போனேன். பெரிய பலகைச் சட்டங்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்புப் போட்டு மிதித்த களிமண்ணை அதில் பூசுகிறார்கள். படத்தின் கோட்டைக் குத்தி எடுத்து, கோட்டில் ஆல்டர் காய்களை வைக்கிறார்கள். பிறகு பூவிதழ்களைக் கீழிருந்து மேலாக, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி ஒவ்வொன்றாக அழுத்துகிறார்கள். ஓடு வேய்வது போலத்தான். மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஊர்க்காரர்கள் நாள்கணக்கில் மாறி மாறி இருந்து செய்வது ஒரு கிழமை நிற்கும். பிறகு கழுவிவிடுவார்கள். ஒரு வயோதிபர் தன் சட்டத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். எந்த இதழ் நீங்கள் வைத்தது என்று கேட்டேன். கையை விரித்துச் சிரித்தார். எல்லாம், ஒன்றுமில்லை, இரண்டுக்கும் பொதுவான சைகை. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

பாலித் தீவில் 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு வளைந்த மூங்கிலில் தென்னங்குருத்துத் தொங்கும். கேரளத்தில் தெய்யக்காரர் இடுப்பில் அதே குருத்து. தெற்கே சிங்களச் சடங்குகளிலும் அதே குருத்துத்தான் பந்தலாகிறது. தென்னை நிற்கும் கரையெல்லாம் ஏதோ ஓர் இரவில் யாரோ சேர்ந்திருந்து மடிக்கிறார்கள். எங்கள் தெருமுனை வீட்டுத் தோட்டத்தில் நியூசிலாந்துச் செடி ஒன்று நிற்கிறது, வாள் வாளாக நீண்ட இலை. மாவோரி மக்கள் அதில் பாய், கூடை எல்லாம் பின்னுவார்கள். நடுக்குருத்தைக் குழந்தை என்றும் இரண்டு பக்கத்து இலைகளைத் தாய் தகப்பன் என்றும் சொல்லி, அந்த மூன்றையும் வெட்டவே மாட்டார்கள். நாங்களோ குருத்தைத்தான் வெட்டினோம். இதை வாசித்த அன்று கொஞ்சம் திடுக்கிட்டேன். பிறகு நினைத்தேன்: அதனால்தான் பெரியப்பா ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்ட விடமாட்டார், ஒரு கலியாணத்துக்கு ஏழெட்டு வளவு மரங்கள் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு மரத்தின் ஒரு மாத வளர்ச்சி அது. தெருவில் உள்ள மரங்களும் கலியாணத்துக்குக் கொடுக்கும் மொய் என்று வைத்துக்கொள்ளலாம்.

1995 அக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, எங்கள் வலிகாமமே எழுந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டத் தாண்டக் காலை விடிந்தது. வழியில் செத்தவர்களுக்குத் தோரணம் இல்லை. தென்மராட்சியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னை, கட்டத்தான் ஆளுக்கு ஆள் தெரியாது. மூன்று குருவிகூட இல்லாமல் ஒருவரை அனுப்புவதை முதன்முதல் அங்கேதான் பார்த்தேன். அடுத்த வருடம் அப்பாவும் அம்மாவும் மானிப்பாய்க்குத் திரும்பினார்கள். நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

அப்பா செத்தபோது விசா அலுவலால் என்னால் போக முடியவில்லை. செத்த வீட்டு வீடியோ வந்தது. பலபேர் அதைப் பார்த்து அழுவார்கள். நான் ஒழுங்கையைப் பார்த்தேன். எங்கள் படலையிலிருந்து பெரிய வீதி வரைக்கும் இரண்டு பக்கமும் தோரணம். குருவிகள் கீழே பார்த்தபடி. கமரா தூக்கிக்கொண்டு நடந்தவர் அந்தக் கயிற்றை நெடுகலும் எடுத்திருந்தார். ஓர் இரவுக்குள் அவ்வளவு நீளம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு தொங்கலில் வால் நறுக்கியிருந்த விதம் எனக்குத் தெரிந்த கை. என்னோடு படித்தவன். வீட்டுக்குள்ளே இருக்க இடம் தராத காலம் ஒன்றை எங்கள் ஒழுங்கை அவன் குடும்பத்துக்குக் கொடுத்திருந்தது. என் அப்பா போகும் பாதைக்கு அவன் வந்து இருந்து கட்டியிருக்கிறான். தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொல்ல நினைத்தேன். தோரணத்துக்கு நன்றி சொல்லும் வழக்கமும் எங்களிடம் இல்லை. "சாப்பிட்டியா" என்று கேட்டேன். "அண்டைக்கே சாப்பிட்டன்" என்றான்.

இங்கே போகிறவர்களை ஆல்டர்ஸ்புரூக் ரோட்டு மயானத்துக்குக் கொண்டுபோகிறோம். 1856இல் திறந்த இடம், பெரிய மரங்கள், சுத்தம், அமைதி. சாவுக்கும் தகனத்துக்கும் நடுவே ஒரு கிழமை, சிலவேளை இரண்டு கிழமை. அந்த நாட்களில் உறவுக்காரர் வந்து இருப்பார்கள், தேவாரம் பாடுவார்கள், சாப்பாடு கொண்டுவருவார்கள். சாப்பாடு கொண்டுவருவதில் எங்கள் ஆட்கள் ஒருபோதும் குறைவைத்ததில்லை. ஆனால் கை சும்மா இருக்கும். துக்கத்துக்கு வந்த ஆம்பிளைகள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணும்போதெல்லாம் ஒரு கட்டுக் குருத்தை நடுவில் போட வேண்டும் போலிருக்கும். துக்க வீட்டில் ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள்தான் பெரும்பாலும் நல்ல தோரணம் கட்டுவார்கள்.

இந்த வருடம் குருத்தோலை ஞாயிறு முடிந்து, எங்கள் தெருவில் இருக்கும் பாசையூர் அம்மா ஒருவர் கதவைத் தட்டினார். செயின்ட் அந்தோனியார் கோயிலில் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மடித்திருந்தார். மிஞ்சிய துண்டில் ஒரு குருவி. "உங்களுக்குத்தான் இது பிடிக்கும் எண்டு வச்சனான்" என்றார். ஓலை காய்ந்ததுதான், பதப்படுத்தி எங்கிருந்தோ வந்தது. ஆனாலும் அவர் இழுத்த இடத்தில் கிழியவில்லை. இந்தத் தெருவில் குருவி மடிக்கத் தெரிந்தவர் இரண்டு பேர் என்பது அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

மார்கழியில் தங்கச்சியின் பேத்திக்குச் சாமத்தியச் சடங்கு. மானிப்பாயில்தான். மருமகனோடு தொலைபேசியில் கதைக்கும்போது தோரணம் ஆர் கட்டுகினம் என்று கேட்டேன்.

"மாமா, உதெல்லாம் இப்ப ஆர் கட்டுறது? டெக்கரேசன்காரர் வருவினம். பூவும் துணியும் லைற்றும். எல்லாம் அவையே பாத்துக்கொள்ளுவினம்."

கொஞ்சம் பொறுத்து அவனே சொன்னான்: "செத்த வீட்டுக்கு மட்டும் இன்னும் நாங்கள்தான் கட்டுறம். அதை ஒருத்தரும் வாடகைக்கு விடுறேல்லை."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அங்கே இப்போது இருக்கிற பெடியளுக்கு மூன்று குருவி கட்டத் தெரியும். தலை கீழே பார்க்கிற மடிப்பு மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. மேலே பார்க்கிற நான்கு குருவி பெரியப்பா காலத்து ஆட்களின் விரலில் நிற்கிறது, அவர்களும் குறைகிறார்கள். ஊரிலிருந்து நான் கொண்டுவந்ததென்று நினைத்த ஒன்று, ஊரிலேயே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

டிக்கற் எடுத்துவிட்டேன். சடங்குக்கு இரண்டு நாள் முன்னமே போய் இறங்குகிறேன். டெக்கரேசன்காரர் வரட்டும், அவர்கள் பிழைப்பும் நடக்க வேண்டும். ஆனால் படலையிலிருந்து ஒழுங்கை முகப்பு வரை உள்ள துண்டை எனக்கு விடச் சொல்லியிருக்கிறேன். மருமகன் யோசித்துவிட்டு, "ஆர் மாமா குருத்து இறக்கிறது?" என்று கேட்டான். என்னோடு படித்தவனின் மகனைக் கேள், தகப்பன் இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வரச்சொல் என்றேன். எங்கள் வளவில் ஒரு மரத்தில் ஒன்றுதான் வெட்டலாம், மிச்சத்துக்கு நாலு வீடு ஏறி இறங்கிக் கேட்க வேண்டும், வண்டு துளைத்ததென்றால் வேண்டாம் என்றும் சொன்னேன். தும்புக்கயிறு கடையில் இருக்கிறதாம்.